வாக்காளரும் நன்கொடையாளரும்: மக்கட் பிரதிநிதி யாருக்குப் பொறுப்பு?

கர்நாடக மாநிலத்தில், கோலார் தங்கவயலுக்கு அருகே, பாலாற்றின் கரையில் அமைந்துள்ளது பேத்தமங்களா. ஆற்று நீரைத் தேக்கி உருவாக்கப்பட்ட பெரிய ஏரியே இவ்வூரின் அடையாளம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் அரசு இங்கு நீரேற்று நிலையம் ஒன்றை நிறுவி, குழாய்களின் வழியே தங்கவயலுக்குத் தண்ணீர் கொண்டு சென்றது. சுரங்கங்களும் அவற்றைச் சூழ்ந்து எழுந்த குடியிருப்புகளும் அந்நீரை நம்பியே வளர்ந்தன.

இந்நீர்த் திட்டத்தால் சுரங்க நிறுவனங்கள் மட்டுமின்றித் தொழிலாளர் குடும்பங்களும் பயன் பெற்றன என்பது உண்மை. ஆயினும் முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது என்பது எண்ணத்தக்கது. ஏரிப் பாசனத்தை நம்பிய குடியானவருக்கும் அன்று வாக்குரிமை இல்லை. சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளிக்கும் இல்லை. எடுக்கப்பட்ட தங்கத்தின் மதிப்பில் 5 விழுக்காட்டை உரிமைத் தொகையாக அரசுக்குச் செலுத்தி வந்த சுரங்கத் தொழிலின் தேவையே முன்னின்றது. வாக்கு இல்லாத இடத்தில் வருவாய் தருவோரின் குரலே அரசின் செவிக்கு எட்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

1951–52 பொதுத் தேர்தலில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. சுரங்க நிறுவனத்தின் இயக்குநருக்கும் ஒரு வாக்கு, சுரங்கத்தில் பாறை உடைப்பவருக்கும் ஒரு வாக்கு என்ற சமநிலை ஏற்பட்டது. ஆனால் தேர்தலில் வெல்ல வாக்குடன் பணமும் தேவைப்படுகிறது. வாக்கு சமமாகப் பகிரப்பட்டுள்ளது. பணம் அவ்வாறு பகிரப்படவில்லை. எனவே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி வாக்களித்தவருக்குப் பொறுப்புடையவரா, தேர்தலுக்குப் பணம் தந்தவருக்குப் பொறுப்புடையவரா என்ற வினா எழுகிறது. இவ்வினாவை நம் நாட்டுச் சட்டங்களின் வரலாற்றைக் கொண்டும் தங்கவயல் பகுதியின் அனுபவத்தைக் கொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறுப்பு என்பதன் பொருள்

பிரதிநிதி வாக்காளரின் விருப்பத்தை அப்படியே எதிரொலிக்க வேண்டுமா, அல்லது தம் அறிவுக்குச் சரியெனப் பட்டதைச் செய்யலாமா என்பது பழைய விவாதம். 1774ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகர வாக்காளர்களிடம் பேசிய எட்மண்டு பர்க், பிரதிநிதி தம் வாக்காளருக்கு உழைப்பை மட்டுமன்றித் தம் சொந்த மதிப்பீட்டையும் கடமைப்பட்டுள்ளார் என்று வாதிட்டார். இந்த இரு கொள்கைகளில் எதை ஏற்பினும், ஒன்று மட்டும் பொதுவானது: பிரதிநிதியின் முடிவுக்கான காரணம் வாக்காளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தம் மனச்சான்றின்படி முடிவெடுத்தேன் என்று கூறும் உரிமை பிரதிநிதிக்கு உண்டு. ஆனால் அம்முடிவின் பின்னே வெளியில் சொல்ல இயலாத கடன் ஒன்று இருக்குமாயின், வாக்காளர் அவரை மதிப்பிட வழியே இல்லாமற் போகிறது.

பொறுப்பு என்பது மூன்று கூறுகளைக் கொண்டது. கேள்வி கேட்கும் உரிமை, விடையைச் சரிபார்க்கத் தேவையான தகவல், தவறு கண்டால் தண்டிக்கும் ஆற்றல் என்பனவே அவை. வாக்காளரிடம் மூன்றாவது உண்டு. ஆனால் அதை அவர் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையே பயன்படுத்த முடியும். பெரும் நன்கொடையாளரோ அடுத்த தவணையை எப்பொழுது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். இந்தக் கால வேறுபாடே நன்கொடையாளருக்கு இயல்பாகக் கிடைத்துள்ள முதல் நன்மை.

தங்கவயல் தரும் பாடம்

மைசூரில் மக்கட் பிரதிநிதித்துவம் படிப்படியாகவே வளர்ந்தது. 1881ஆம் ஆண்டில், திவான் ரங்காச்சார்லுவின் காலத்தில், மைசூர்ப் பிரதிநிதி சபை நிறுவப்பட்டது. நில உடைமையாளரும் வணிகருமே அதில் இடம் பெற்றனர். அரசின் செயல்களைக் கேட்டறிந்து குறைகளை எடுத்துரைக்க முடிந்ததேயன்றிச் சட்டமியற்றும் அதிகாரம் சபைக்கு இல்லை. பின்னர்த் தேர்தல் முறை வந்தபோதும் வாக்குரிமை சொத்துத் தகுதியுடன் பிணைக்கப்பட்டிருந்தது. செல்வம் உடையவரே பேசுவதற்கு உரியவர் என்பதை அன்றைய சட்டம் ஒளிவு மறைவின்றிக் கூறியது எனலாம்.

சட்டமன்றத்தில் குரல் இல்லாத தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் மூலமே பேச முடிந்தது. 1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து வேலையை நிறுத்தியது இதற்குச் சான்று. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்து வந்த தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அத்தொழிலாளர்களுள் பெரும்பான்மையினர். சொத்தும் இல்லை, வாக்கும் இல்லை என்ற நிலையில் ஒற்றுமையே அவர்களுடைய முதலீடாக இருந்தது.

விடுதலைக்குப் பின் இவ்வொற்றுமை தேர்தலில் வெளிப்பட்டது. கம்யூனிஸ்ட் கட்சி, குடியரசுக் கட்சி, பின்னர் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் ஆகியவற்றின் வேட்பாளர்கள் தங்கவயலிலிருந்து வெவ்வேறு காலங்களில் மாநிலச் சட்டமன்றத்திற்குச் சென்றனர். மாநிலத்தில் ஆட்சி அமைக்கும் வலிமை இல்லாத கட்சிகள் இவ்வாறு வென்றது கருதத்தக்கது. சங்கம் வலுவாக இருக்கும் ஊரில் வாக்காளரே சிறு சந்தா செலுத்துபவராகவும், சுவரொட்டி ஒட்டுபவராகவும், கூட்டத்திற்கு ஆள் சேர்ப்பவராகவும் இருக்கிறார். வாக்குத் தருபவரும் பொருள் தருபவரும் ஒருவரே ஆகும்போது, யாருக்குப் பொறுப்பு என்ற வினாவே எழுவதில்லை.

இந்நிலை நீடிக்கவில்லை. 1956இல் மாநில அரசும், 1962இல் மத்திய அரசும் ஏற்று நடத்திய சுரங்கங்கள், 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமாயின. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. வேலையிழந்த குடும்பத்தினர் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவராயினர். 2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறையில் பேத்தமங்களா என்ற பெயரில் இருந்த சட்டமன்றத் தொகுதி மறைந்தது. ஊர் தங்கவயல் தொகுதியின் பகுதியாயிற்று. கன்னடமும் தெலுங்கும் பேசும் உழவரும் தமிழ் பேசும் முன்னாள் சுரங்கக் குடும்பத்தினரும் ஒரே தொகுதியின் வாக்காளராயினர். 2008, 2013, 2018, 2023 ஆகிய நான்கு தேர்தல்களிலும் தேசியக் கட்சிகளே இத்தொகுதியை வென்றுள்ளன.

இம்மாற்றத்திற்கு ஒரே காரணம் கூற இயலாது. தொகுதியின் எல்லை மாறியது, மக்கள் வெளியேறினர், மாநில அரசியலும் மாறியது. எனினும், சிறு தொகைகளையும் உடலுழைப்பையும் திரட்டித் தந்த தொழிற்சங்க அமைப்பு நலியும்போது, வேட்பாளர் பொருளுக்கு வேறிடம் நோக்க வேண்டியவராகிறார் என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வேறிடம் பெரும்பாலும் கட்சியின் தலைமை நிதியே.

சட்டம் கண்ட வழிகள்

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வேட்பாளரின் செலவுக்கு வரம்பு விதித்தது. இன்று பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதிக்கு 95 இலட்சம் ரூபாயும் சட்டமன்றத் தொகுதிக்கு 40 இலட்சம் ரூபாயும் உச்சவரம்பு. இவை 2022இல் நிர்ணயிக்கப்பட்டவை. வேட்பாளர் தம் செலவுக்குத் தனிக் கணக்கு வைத்து, முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். தக்க காரணமின்றித் தவறுவோரை மூன்றாண்டு காலத்திற்குத் தகுதி நீக்கம் செய்யத் தேர்தல் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு.

நிறுவனங்களின் நன்கொடை குறித்த விவாதமும் பழமையானதே. 1957இல், அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தர இடமளிக்கும் வகையில் தன் அமைப்பு விதிகளைத் திருத்த முனைந்த டாட்டா இரும்பு எஃகு நிறுவனத்தின் வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. சட்டம் தடுக்காததால் நீதிமன்றம் அனுமதியளித்தது. ஆனால் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, இப்போக்கு ஜனநாயகத்திற்குத் தீங்கு விளைவிக்கக் கூடும் என எச்சரித்து, நாடாளுமன்றம் இதனைக் கருத வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். 1960இல் நிறுவன நன்கொடைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1969இல் அது முற்றிலும் தடை செய்யப்பட்டது.

தடையினால் பணத்தின் தேவை குறையவில்லை. கணக்கில் வந்துகொண்டிருந்த தொகை கணக்கிற்கு வெளியே செல்லத் தொடங்கியது. 1971இல் அறிக்கை அளித்த வாஞ்சூ குழு, அரசியல் நிதிக்கும் கருப்புப் பணத்திற்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டியது. 1985இல் தடை நீக்கப்பட்டு, நிறுவனத்தின் சராசரி நிகர இலாபத்தில் 5 விழுக்காடு வரை நன்கொடை தரலாம் என்றாயிற்று. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் இதனை, முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காடாக உயர்த்தியது.

இதற்கிடையே 1974ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை நேர்ந்தது. கன்வர் லால் குப்தா எதிர் அமர்நாத் சாவ்லா வழக்கில், வேட்பாளருக்காக அவருடைய கட்சி செய்யும் செலவையும், அவர் அதனைத் தடுக்காதபோது, அவருடைய கணக்கிலேயே சேர்க்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளரின் கணக்கில் சேராது என்ற விளக்கம் சட்டத்தில் இணைக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விலக்கைச் சுருக்கியது. எனினும் கட்சி தன் பொதுப் பிரசாரத்திற்குச் செலவிடும் தொகைக்கு இன்றுவரை உச்சவரம்பு கிடையாது.

எளிய கணக்கு ஒன்றால் இந்த இடைவெளியின் அளவை உணரலாம். ஆண்டுக்குச் சராசரியாக 100 கோடி ரூபாய் நிகர இலாபம் ஈட்டும் நிறுவனம் ஒன்று, வரம்புக்கு உட்பட்டே, ஆண்டுக்கு 7.5 கோடி ரூபாயை ஒரு கட்சிக்கு அளிக்கலாம். இது ஒரு சட்டமன்ற வேட்பாளருக்கு அனுமதிக்கப்பட்ட செலவைப் போல் ஏறத்தாழ 19 மடங்கு. வேட்பாளர் நுழையும் சிறிய வாயிலில் காவலர் நிற்கிறார். கட்சி நுழையும் பெரிய வாயிலில் காவல் தளர்ந்துள்ளது.

தேர்தல் பத்திரங்களும் உச்ச நீதிமன்றமும்

2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் நிறுவன நன்கொடைக்கு இருந்த 7.5 விழுக்காடு வரம்பை நீக்கியது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்பதை நிறுவனம் தன் கணக்கில் காட்ட வேண்டியதில்லை என்றும் திருத்தம் செய்தது. 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரையிலான ஐந்து மதிப்புகளில் பத்திரம் வாங்கி, அதனைக் கட்சியிடம் தரலாம். பத்திரத்தில் கொடுப்பவர் பெயர் இராது. கட்சி அதனைப் பதினைந்து நாட்களுக்குள் வங்கியில் செலுத்திப் பணமாக்க வேண்டும்.

இத்திட்டத்திற்கு ஆதரவாகக் கூறப்பட்ட காரணங்களையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ரொக்கமாக வந்த பணம் வங்கி வழியே வரும். ஒரு கட்சிக்குக் கொடுத்தமைக்காக இன்னொரு கட்சி நன்கொடையாளரைப் பழிவாங்குவது தடுக்கப்படும் என்பன அவை. கருப்புப் பணத்தின் பழைய அனுபவம் இவ்வாதத்திற்கு வலுவூட்டியது. ஆனால் விற்பனையான பத்திரங்களின் மதிப்பில் 90 விழுக்காட்டிற்கு மேல் 1 கோடி ரூபாய்ப் பத்திரங்களாகவே இருந்தன. இத்திட்டத்தைப் பெரிதும் பயன்படுத்தியோர் சிறு நன்கொடையாளர் அல்லர் என்பது இதனால் விளங்கும்.

2024 பிப்ரவரி 15ஆம் நாள், தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு இத்திட்டத்தைச் செல்லாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கட்சிகளுக்கு வரும் நிதியைப் பற்றிய தகவல், வாக்காளர் தம் வாக்கைச் சரிவரப் பயன்படுத்த இன்றியமையாதது. அதனை மறைப்பது அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு உறுதி செய்யும் உரிமைக்கு முரணானது என நீதிமன்றம் கருதியது. நிறுவனங்கள் வரம்பின்றிக் கொடுக்க இடமளித்த திருத்தமும் செல்லாதெனப்பட்டது. செல்வம் படைத்தோருக்குச் சட்டமியற்றுவோரை எளிதில் அணுகும் வாய்ப்பு கிடைக்கிறது. அவ்வணுகல் கைம்மாறாக மாறும் சாத்தியம் உண்டு என்பது தீர்ப்பின் முக்கியமான அடிப்படை.

விவரங்களை வெளியிட வங்கி கூடுதல் அவகாசம் கேட்டபோது நீதிமன்றம் மறுத்தது. அதன்படி 2019 ஏப்ரல் 12 முதல் விற்பனையான பத்திரங்களின் விவரங்களை 2024 மார்ச் 14ஆம் நாள் தேர்தல் ஆணையம் வெளியிட்டது. யார் வாங்கிய பத்திரம் எக்கட்சியிடம் சென்றது என்பதை இணைத்துக் காட்டும் எண்கள் ஒரு வாரம் கழித்து வெளிவந்தன. பத்திரங்கள் நடப்பில் இருந்த ஆண்டுகளில் விற்பனையான மொத்தத் தொகை சுமார் 16,500 கோடி ரூபாய். ஆட்சியிலிருந்த கட்சிகளும் எதிர்க்கட்சிகளும் இவ்வழியே நிதி பெற்றிருந்தன. எனவே இதனை ஒரு கட்சியின் குறையாகக் காணாது, அமைப்பின் குறையாகக் காண்பதே மாணவர்க்கு உகந்தது.

இடையில் நிற்கும் கட்சி

இதுவரை கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். நன்கொடையாளர் பெரும்பாலும் தனிப்பட்ட உறுப்பினரை நாடுவதில்லை, கட்சியையே நாடுகிறார். 1985இல் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர் தம் பதவியை இழக்க நேரிடலாம். விலைக்கு வாங்கப்படும் கட்சித் தாவலைத் தடுக்கவே இச்சட்டம் வந்தது, அந்நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் அதன் விளைவாக உறுப்பினரின் வாக்கு அவர் கையிலிருந்து கட்சித் தலைமையின் கைக்கு மாறியது.

ஆகவே, வாக்காளருக்குப் பொறுப்பா, நன்கொடையாளருக்குப் பொறுப்பா என்ற வினாவிற்கு நேரடியான விடை இதுவே: உறுப்பினர் கட்சிக்குப் பொறுப்புடையவராகிறார், கட்சி இருவருக்கும் கடன்பட்டுள்ளது. வாக்காளரின் கை உறுப்பினரை மட்டுமே எட்டுகிறது. நன்கொடையாளரின் கையோ கட்சியை எட்டுகிறது. வாக்காளர் தம் உறுப்பினரைத் தோற்கடிக்கலாம். ஆயினும் கட்சி நிதியின் ஊற்று மாறாதவரை, அடுத்து வருபவரும் அதே கட்டளைக்கே கட்டுப்படுவார். சட்டம் இதுவரை வேட்பாளரின் கணக்கில் காட்டிய கண்டிப்பைக் கட்சியின் கணக்கில் காட்டாததே குறைபாட்டின் வேர்.

பிற நாடுகளின் அனுபவம்

பிரிட்டனில் 1883ஆம் ஆண்டுச் சட்டம் தொகுதிச் செலவுக்கு வரம்பு விதித்தது. கட்சிகளின் தேசியச் செலவு அதற்கு வெளியே நின்றது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே கட்சிச் செலவுக்கும் வரம்பு வந்தது. நாம் இன்று காணும் அதே இடைவெளியை அந்நாடு அடைக்க நூறாண்டுகளுக்கு மேலாயிற்று.

அமெரிக்காவில் நிலை வேறு. 1976இல் பக்லி வழக்கிலும் 2010இல் சிட்டிசன்ஸ் யுனைட்டட் வழக்கிலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசியல் செலவைப் பேச்சுரிமையுடன் இணைத்துக் கருதி, பல கட்டுப்பாடுகளை நீக்கியது. 2014இல் மார்ட்டின் கிலன்ஸ், பெஞ்சமின் பேஜ் ஆகிய இரு அறிஞர்கள் 1,779 கொள்கைப் பிரச்சினைகளை ஆராய்ந்து, செல்வந்தரின் விருப்பத்திற்கு அரசின் முடிவுகளில் கணிசமான செல்வாக்கு உண்டென்றும், சராசரிக் குடிமக்களின் விருப்பத்திற்குத் தனித்த செல்வாக்கு மிகக் குறைவென்றும் கண்டனர். பெரும்பாலான பிரச்சினைகளில் இரு சாராரின் விருப்பமும் ஒன்றாகவே உள்ளது எனப் பிற ஆய்வாளர்கள் இதனை மறுத்துள்ளனர். விவாதம் முடியவில்லை. ஆனால் நன்கொடை விவரங்களும் கருத்துக் கணிப்புகளும் வெளிப்படையாகக் கிடைப்பதால்தான் இத்தகைய ஆய்வே அங்கு இயலுகிறது என்பது நமக்குரிய பாடம்.

வாக்காளரின் பங்கு

குறையெல்லாம் கொடுப்பவரிடமும் வாங்கும் கட்சியிடமும் மட்டுமே உள்ளது எனக் கூறிவிட முடியாது. 2023ஆம் ஆண்டு கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலின்போது சுமார் 375 கோடி ரூபாய் மதிப்புள்ள ரொக்கம், மது, பரிசுப் பொருள் முதலியன கைப்பற்றப்பட்டன. தங்கவயலுக்கு அடுத்துள்ள பங்காருப்பேட்டைத் தொகுதியில் மட்டும் 4 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடிபட்டது. வேட்பாளர் ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட முழுச் செலவைப் போல் இது பத்து மடங்கு.

வாக்குக்குப் பணம் பெறுபவர், தம் பிரதிநிதியைக் கேள்வி கேட்கும் உரிமையை அப்பொழுதே விற்றுவிடுகிறார். பணம் கொடுத்தவர் தம் கடன் தீர்ந்ததாகக் கருதுவார். அப்பணத்தைக் கொடுத்து உதவியவருக்குரிய கடனோ தீராமல் நிற்கும். வறுமையில் உழல்பவரை இதற்காக இகழ்வது எளிது. ஆனால் ஐந்தாண்டுகளில் அரசிடமிருந்து தமக்கு நிச்சயமாகக் கிடைத்தது அந்த ஒரு நோட்டு மட்டுமே என ஒருவர் எண்ணும் நிலையை மாற்றாமல், அறிவுரை மட்டும் கூறிப் பயனில்லை.

எதிரில் நிற்கும் ஒரு முடிவு

இவை யாவும் ஏட்டளவான விவாதமல்ல. தங்கவயலில் ஒரு நூற்றாண்டு காலச் சுரங்கப் பணியால் குவிந்த கழிவு மண் மலைகளாக நிற்கிறது. சயனைடு மேடுகள் என மக்கள் அழைக்கும் இவற்றிலிருந்து காற்றடிக்கும் காலத்தில் எழும் தூசு வீடுகளுக்குள் புகுகிறது. இம்மண்ணில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் நோக்குடன், சுமார் 1,003 ஏக்கரில் உள்ள 13 மேடுகளில் மேற்பரப்புச் சுரங்கப் பணிக்கான மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது.

இதனால் வேலைவாய்ப்பு பெருகலாம். மேடுகள் குறைந்து தூசும் தணியலாம். மாறாக, பணி நடைபெறும் காலத்தில் தூசும் வேதிக் கழிவும் மிகுதியாகலாம். எது நிகழும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படும் நிபந்தனைகளைப் பொறுத்தது. அதற்கு வேண்டிய நீர் எங்கிருந்து வரும் என்பதும் பாலாற்று ஏரியை நம்பிய ஊர்கள் கேட்க வேண்டிய வினா. அந்நிபந்தனைகளைப் பற்றிச் சட்டமன்றத்தில் வினா எழுப்ப வேண்டியவர் அத்தொகுதியின் பிரதிநிதி. பணியை ஏற்க முன்வரும் நிறுவனங்கள் எக்கட்சிக்கு எவ்வளவு கொடுத்துள்ளன என்பதை வாக்காளர் அறிந்திருப்பின், அவ்வினா எழுகிறதா, எழாமற் போகிறதா, அதற்கு என்ன காரணம் என்பதைத் தாமே எடைபோட முடியும். கொடுத்தார் என்பதாலேயே ஒருவரைக் குற்றவாளியாகக் கருதலாகாது. கொடுத்தது வெளிப்படையாக இருந்தால் வீண் ஐயமும் நீங்கும்.

செய்யத்தக்கன

முதலாவதாக, கட்சிகளின் தேர்தல் செலவுக்கும் உச்சவரம்பு வேண்டும். இரண்டாவதாக, 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் கட்சிகள் ஆண்டுக்கொரு முறை தேர்தல் ஆணையத்திற்குத் தெரிவிக்கும் இன்றைய முறை போதுமானதன்று. வாக்களிக்கும் நாளுக்கு முன்பே அவ்விவரம் மக்களுக்குக் கிடைக்க வேண்டும். மூன்றாவதாக, 1998இல் இந்திரஜித் குப்தா குழு பரிந்துரைத்தவாறு, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு அரசு பணமாகவன்றிப் பொருளாகவும் வசதியாகவும் உதவுவதை மீண்டும் ஆராயலாம். அரசு உதவி மட்டும் வந்து தனியார் பணம் குறையாவிடின் பயனில்லை. ஆகையால் மூன்றும் சேர்ந்தே வர வேண்டும்.

நான்காவது வழி சட்டத்திற்குக் காத்திராதது. இரண்டு இலட்சம் வாக்காளர் கொண்ட ஒரு சட்டமன்றத் தொகுதியை எண்ணிப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட 40 இலட்சம் ரூபாயை அவர்களிடையே பகிர்ந்தால் தலைக்கு 20 ரூபாய் ஆகிறது. இச்சிறு தொகையை வாக்காளர் கொடுப்பதில்லை; எனவே அதனை வேறொருவர் கொடுக்கிறார். அவர் அதனைக் கடனாகவே கொடுக்கிறார். சந்தாவின் மதிப்பை அறிந்த தொழிற்சங்க மரபுள்ள தங்கவயல் போன்ற ஊர்களுக்கு இக்கணக்கு புதியதன்று.

மாணவர்கள் தம் தொகுதியிலேயே மேற்கொள்ளத்தக்க பயிற்சி ஒன்றைக் கூறி முடிக்கலாம். வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு விவரங்களைக் கொண்ட பிரமாணப் பத்திரம் 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக இன்று எவர்க்கும் கிடைக்கிறது. அவர் ஒப்படைத்த செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் எவரும் பார்வையிடலாம். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் அதற்கு விதித்துள்ள கட்டணம் 1 ரூபாய். அக்கணக்கையும் அவருடைய கட்சி தேர்தல் ஆணையத்திற்கு அளித்த நன்கொடை அறிக்கையையும் அருகருகே வைத்து, சட்டமன்றத்தில் அவர் எழுப்பிய வினாக்களுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்ப்போர் சிலரேனும் ஒவ்வொரு தொகுதியிலும் இருப்பாராயின், தம்மை வாக்காளரும் கவனிக்கிறார் என்பதைப் பிரதிநிதி உணர்வார். அந்த உரிமையைச் சட்டம் ஏற்கனவே நமக்கு வழங்கியுள்ளது. அதனைப் பயன்படுத்துவது நம் கடமை.